குலான் குட்டியும் கல்நெஞ்சுக்காரியும்

"அடச்சே! நீயெல்லாம் பிள்ளை பெத்தவளாக்கா?"

சார்செனால் பொறுக்க முடியவில்லை. வேலியோரம் ஆசையாக ஓடிவந்த குட்டியை மைரா தகரத்தைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்தாள்.

குலான் குட்டி. கஜக் புல்வெளியின் காட்டுக்கழுதை. பிறந்த மறுநாளே தாயைப் பறிகொடுத்துவிட்டுக் காப்பகத்துக்கு வந்து நாலு மாதமாகிறது.

"ஒரு தடவை தடவிக் கொடுத்தா கை தேஞ்சா போயிடும்?"

"நீ வண்டியைப் பாரு. குட்டியை நான் பார்த்துக்கறேன்."

சார்சென் காப்பகத்தின் டிரைவர். மூன்று பெண்களுக்கு அப்பா. குட்டிக்கென்று வீட்டிலிருந்து பௌர்சாக் என்ற மாவுருண்டை பொரித்துக் கொண்டுவந்தபோது, அதைப் பிடுங்கித் தானே தின்று தீர்த்தவள், குட்டியைப் பராமரிக்கும் இந்த மைரா. பால் கொடுக்கும்போதுகூடக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"உள்ளே போட்டு அடிக்கிறாளோ என்னவோ!" என்று டாக்டர் ஒரால்பெக்கிடம் புகாரே கொடுத்துப் பார்த்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குட்டியைக் கூட்டத்தில் சேர்க்கும் நாள் வந்தது. டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தாய் நக்கி வளர்க்காத குட்டிப்பா. கூட்டத்தைப் பார்த்ததும் வெலவெலத்துடும். போன வருஷம் ஒண்ணு நேரா நம்ம ஜீப்புக்கே திரும்பி வந்துடுச்சு. மைரா எங்கே?"

"தலைவலியாம். கடைசி நாள்கூட வர மனசில்லை மகராசிக்கு!"

புல்வெளியில் கூண்டுக் கதவைத் திறந்தார்கள். எதிரே நாற்பது குலான்கள். குட்டி வெளியே வந்ததுதான் தாமதம், பெரிய ஆண் குலான் புழுதி பறக்கப் பாய்ந்து வந்தது.

"போச்சு! டாக்டர், போச்சு!"

குட்டி ஓடவில்லை. கழுத்தை நீட்டி, வாயைச் சப்புக்கொட்டிக் காட்டியது. 'நான் சின்னப்பிள்ளை, அடிக்காதே' என்று குலான் குட்டிகள் கெஞ்சுவது அப்படித்தான். ஆண் குலான் மோந்து பார்த்தது. திரும்பிப் போனது!

பிறகு ஒரு பெண் குலான் வந்து அதன் கழுத்தை நக்கியது. குட்டி நாள்தவறாமல் பழகியதுபோல மறுபக்கத்தையும் காட்டியது. கூட்டம் கிளம்ப, அதுவும் நாலுகால் பாய்ச்சலில் கூடவே பறந்தது.

டாக்டர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். "அடேயப்பா! தாய்கிட்ட வளர்ந்த குட்டி மாதிரியில்ல நடந்துக்குது! எப்படிடா?"

சார்சென் ஜீப்பைக் காப்பகத்துக்கு விரட்டிக்கொண்டு வந்தான், மைராவை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று.

கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. வைக்கோலில் உட்கார்ந்திருந்தாள் மைரா. மடியில் ஒரு குலானின் முழுத்தோல். பக்கத்தில் வாளித் தண்ணீர், ஒரு சாக்குத்துணி.

"இது... அதோட அம்மா தோலா?"

"ம். இதைப் போர்த்திக்கிட்டுத்தான் பால் கொடுத்தேன். ஈரச் சாக்கால உடம்பெல்லாம் தேய்ச்சுவிட்டேன். தாயோட நாக்கு சொரசொரன்னு இருக்கும்ல?"

"அப்புறம் ஏன்க்கா வெளியே அப்படி விரட்டினே?"

"மனுஷங்க நல்லவங்கன்னு அது நம்பிட்டா, துப்பாக்கிக்காரன் கிட்டேயும் ஆசையா ஓடுமே!"

"இன்னிக்கு வந்து பார்த்திருக்கலாமே?"

"வாய்விட்டுக் கூப்பிட்டுடுவேனோன்னு பயம். சார்சென், போறப்ப அது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சா?"

அவன் தயங்கினான். ஆறுதலுக்கு ஒரு பொய் சொன்னால் என்ன? அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்லக்கா. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல."

கல்நெஞ்சுக்காரி துள்ளி எழுந்தாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியக் குதித்தாள்.

"நிஜமாவா? இன்னொரு தடவை சொல்லு தம்பி, பார்க்கவே இல்லையா?"