ரோட்டுப் பக்கக் கண்ணாடி அறை

"ரோட்டுப் பக்கம் கட்டினா அது கண்ணாடி அறை இல்ல மிஸ் யூலா, அடுப்பு" என்றாள் டெனிஸ்.

சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. அது சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு ஓரத்தில் காபிக் கோப்பையையும் மறு ஓரத்தில் தன் முழங்கையையும் வைத்திருந்தார் யூலாவின் கணவர் குளோவிஸ்.

"மேற்கு வெயில். மதியம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் நேரா முகத்துல அடிக்கும். புயல் காத்தும் அந்தப் பக்கமாத்தான் வருது. பின்னால அத்தி மரத்துப் பக்கம் கட்டலாம். நிழல் இருக்கு. உட்கார்ந்தா வாய்க்கால்ல கொக்கு பார்க்கலாம்."

"கொக்கு பார்த்து எனக்கு என்ன ஆகணும்" என்றாள் யூலா.

"நாப்பத்தாறு வருஷமா ஒரு கொக்கைப் பார்த்தே அலுத்துட்டா மா" என்று குளோவிஸ் தன் ஒல்லிக் கால்களை நீட்டிக் காட்டினார்.

யூலா சிரிக்கவில்லை. "ரோட்டுப் பக்கம்தான் வேணும். முழுக்கக் கண்ணாடி. தூரத்துல வர்றப்பவே எனக்குத் தெரியணும்."

டெனிஸ் டெக்சஸிலிருந்து தெற்கு லூசியானாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் முதலில் ஒரு புயலின் பெயரைச் சொல்வார்கள். லூசில் எங்க கூரையை எடுத்துட்டுப் போயிட்டா. ஹார்லன் கொட்டகையைத் தின்னுட்டான். ஏதோ சொந்தக்காரர்கள் வந்து போனது போலப் பேசுவார்கள். எந்த ஆண்டு எந்தப் புயல் என்று அவளால் நினைவு வைத்துக்கொள்ள முடிந்ததில்லை.

குளோவிஸ் எழுந்தார். "வா மா, முன்பக்கம் அளந்துதான் பார்ப்போமே."

வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொரின் போனதுலேர்ந்து இப்படித்தான். ஒன்பது வருஷம் ஆச்சு. ரோட்டைப் பார்த்த ஜன்னல் சமையலறையில ஒண்ணுதான். பொழுதுக்கும் அங்கேயே நிக்கறா. போன மாசம் நின்னு நின்னு கால் வீங்கிக் கீழ விழுந்துட்டா. டாக்டர் உட்காருங்கறார். ரோடு தெரியற இடமா இருந்தா உட்கார்றேன்ங்கறா. அதான் உன்னைக் கூப்பிட்டேன். எப்படியாவது அவளை ஒரு நாற்காலியில உட்கார வெச்சுடு."

"கொரின் ரொம்ப மோசமா?"

"ஒரு மணி நேரம்கூட இருக்காது மா. வீட்டையே புரட்டிப் போட்டுட்டா. முன்கதவுக் கண்ணாடி சுக்குநூறு." அவர் அளவு டேப்பின் நுனியைக் கையில் சுற்றினார். "கதவைச் சாத்தினது நான். சாத்தாம இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னு இவ இன்னும் சொல்லிட்டிருக்கா."

டெனிஸுக்கு இது பழக்கமான பேச்சு. "பெரியவங்க நிறைய பேர் அப்படித்தான் நெனைக்கறாங்க. உள்ள புகுந்த காத்து வெளிய போக ஒரு கதவு திறந்திருக்கணும்னு. அது தப்பு மிஸ்டர் குளோவிஸ். திறந்து வெச்ச வீட்டுலதான் கூரை பறக்கும். நீங்க சாத்தினதுதான் சரி."

குளோவிஸ் அவளையே பார்த்தார்.

"சரின்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல" என்று குனிந்து, டேப்பின் நுனியைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டார்.

அளந்து முடிப்பதற்குள் டெனிஸ் மனம் மாறிவிட்டாள். இந்த அம்மா பார்க்க விரும்புவது வாய்க்காலை அல்ல. ஒரு முறை அடிபட்டவர்கள் அடுத்ததை முன்கூட்டியே பார்த்துவிட விரும்புவது இயல்புதான். வெயிலைச் சமாளிக்கலாம். உள்ளே வந்து, பின்பக்க அறையை அழித்துவிட்டு முன்பக்கம் புதிதாக வரைந்தாள்.

"கூரையை நாலடி முன்னால இழுத்துடறேன். உச்சி வெயில் உள்ள வராது. சாயங்கால வெயிலுக்குச் சூட்டைத் திருப்பி அனுப்பற கண்ணாடி. ரெண்டு மின்விசிறி. தரையை மூணடி உயர்த்திடலாம், தண்ணி ஏறாது."

யூலா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். ஒரு விரலை வரைபடத்தின் மூலையில் வைத்தாள். "இங்க நாற்காலி போட்டா ரோடு எது வரைக்கும் தெரியும்?"

"பாலம் வரைக்கும் தெரியும்."

"பாலத்துல திரும்பறப்பவே தெரியுமா?"

"தெரியும். உட்கார்ந்த இடத்துலேர்ந்தே."

யூலா அருகிலிருந்த நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தாள். குளோவிஸ் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

டெனிஸுக்கு உற்சாகமாகிவிட்டது. "இன்னும் கேளுங்க. விரிசல் விட்டாலும் சிதறாத கண்ணாடி. கூரையை இரும்புப் பட்டை போட்டு அடித்தளத்தோட கட்டிடுவேன். வெளிப்பக்கம் திறக்கற கதவு, எவ்வளவு தள்ளினாலும் இறுகத்தான் செய்யும். உள்ளேயிருந்து ஒரு பொத்தானை அமுக்கினா இரும்புத் தடுப்பு இறங்கிடும்." யூலாவின் கையைப் பற்றினாள். "நீங்க பயப்படவே வேண்டாம் மிஸ் யூலா. நான் சொல்றேன், கொரினே திரும்பி வந்தாலும் இந்த அறைக்குள்ள ஒரு அடி எடுத்து வைக்க முடியாது."

யூலா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். வரைபடத்தைச் சுருட்டி டெனிஸ் பக்கம் தள்ளினாள்.

"எங்க பொண்ணு உள்ள வர முடியாத அறை எனக்கு எதுக்கு மா" என்றாள்.