குப்புறக் கிடந்த தாள்

சுவரிலிருந்து தன்னை யாரோ பர்ரென்று உரித்த சத்தம் அந்த வெள்ளைத் தாள்துண்டுக்கு மறக்கவேயில்லை. அது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் துண்டு. தாள்துண்டுகளை ஒட்டியே படம் செய்யும் ஓவியர் துண்டுகளை அட்டைமேல் நாள்கணக்கில் மாற்றி மாற்றி அடுக்கியபோதெல்லாம், அது எழுத்தை மறைத்துக் குப்புறவே கிடந்தது.

"நீங்க எந்தத் தாள், அக்கா?" என்றது சிவப்புக் காலண்டர் துண்டு.

"கல்யாணப் பத்திரிகை."

"அட, மாப்பிள்ளை பேரைக் காட்டுங்களேன், நாங்களும் பார்ப்போம்!"

வெள்ளைத் துண்டு கூசிப்போயிற்று. பசைத் தூரிகை வந்ததும், "எழுத்துப் பக்கமே தடவிடுங்கண்ணே," என்று கெஞ்சியது.

தூரிகை புரட்டிப் படித்தது. "டெய்லர் மாசிலாமணி. மத்த போஸ்டரெல்லாம் மழையில போயிடுச்சே. இனி இந்தப் பேரு எங்க இருக்கும், அம்மா?"

துண்டு எழுத்துப் பக்கத்தையே நீட்டியது. தூரிகை தடவியது.

படத்தில் அது நிலாவாயிற்று. எல்லோரும் அழகென்றபோது அதற்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாசிலாமணியின் பெயர் பசையில் ஊறி அழிந்துபோயிற்று.