தண்ணீர் டீச்சர்

சுகாதாரத் துறை டாக்டர் முகாமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீரைக் கவனிப்பது யார் என்று கேட்டார்.

சித்ரலேகா ஓர் அடி முன்னால் வந்தாள்.

அதற்குள் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் நஸீமாவின் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள்.

மற்ற முகாம்களில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது, இங்கே ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை என்றார் டாக்டர். அடுப்பையும் அண்டாவையும் குனிந்து பார்த்தார். நஸீமாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

சித்ரலேகாவின் பெயரை அவர் கேட்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசி அது. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. மேட்டில் இருந்த அவர்கள் பள்ளிக்கூடத்தை முகாமாக்கியிருந்தார்கள். இரண்டு பேருமே அங்கே டீச்சர்கள். சித்ரலேகா மூத்தவள்.

வெள்ளம் வந்ததிலிருந்து அவள் உட்காரவே இல்லை. பாய்களைக் கீழே விரிக்கச் சொன்னாள். பிறகு மாடிக்கு மாற்றச் சொன்னாள். அரிசி மூட்டைகளை ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோக வைத்து, அங்கே ஒழுகுகிறது என்று திரும்பவும் வகுப்பறைக்கே தூக்கிவர வைத்தாள். வந்தவர்களைத் தெருவாரியாக உட்காரவைத்தாள். சொந்தக்காரர்களைத் தேடி அவர்கள் கலைந்து போனதும் மறுபடியும் உட்காரவைத்தாள். தொண்டை கட்டிவிட்டது.

நஸீமா செய்தது ஒரே ஒரு வேலை.

வாசலை ஒட்டி அடுப்பு மூட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். ஆறவைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். தாசில்தார் வந்தபோது எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

அவளைத்தான் முகாமே கொண்டாடியது. நஸீமா இருக்கிற இடத்தில் கவலை இல்லை என்று ஹெட்மாஸ்டர் திருஞானசம்பந்தம் சித்ரலேகாவிடமே சொன்னார். தண்ணீர் டீச்சர் கையைப் பார்த்துக் கொடுப்பதில்லை, முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறாள் என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னதையும் காதால் கேட்டாள்.

சித்ரலேகாவுக்கு வயிறு எரிந்தது. உட்கார்ந்த இடத்தில் நல்ல பெயர். வெள்ளத்தில் ஒன்றையும் இழக்காதவளுக்குத்தான் இந்த நிதானம் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜீப் தெரு முனையில் மறைந்ததும் நேரே வாசல் அடுப்புக்குப் போனாள்.

"நஸீமா, நீ எந்திரி. இனி இத நான் பாத்துக்கிடுதேன். நீ போயி மத்த வேலையப் பாரு."

மறுப்பாள் என்று எதிர்பார்த்தாள். அதற்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

நஸீமா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசமாவா டீச்சர்? எடையில எந்திரிச்சுப் போயிர மாட்டியளே?"

போகமாட்டேன் என்றாள் சித்ரலேகா, எரிச்சலாக.

நஸீமா எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பைய, அடுத்தவர் காதில் விழாதபடி சொன்னாள்.

"அடுத்த முகாமுல ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துருதேன். இங்கன யாரு வந்தாலும் மொகத்தப் பாத்துக்கிடுங்க. எங்க உம்மா வெள்ளம் வந்த அன்னைக்கு வீட்ட விட்டு எறங்குனவ, எங்கன போனாவன்னு தெரியல. காது கேக்காது. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டாவ. இடது புருவத்துல தழும்பு இருக்கும்."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள் சித்ரலேகா.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் டீச்சர். நீங்க வேலையா இருந்திய."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், சேற்றில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சித்ரலேகா அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் வாசல் முழுதும் தெரிந்தது. உள்ளே வருகிற யாரும் அந்த இடத்தைத் தாண்டாமல் போகமுடியாது.

உள்ளேயிருந்து யாரோ அவசரமாக, சித்ரா டீச்சர், சித்ரா டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

அவள் திரும்பவில்லை.

நனைந்த சேலையோடு ஓர் அம்மாள் டம்ளரை நீட்டினாள். சித்ரலேகா முதலில் அவள் புருவத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் தண்ணீரை மொண்டாள்.