முதல் புக்கிங்

"ஏம்மா, என் போட்டோவை எங்க காணோம்?"

முதலாளி மடிக்கணினியின் தொடுதிரைக்குள் தலையையே நுழைத்துவிடுவார் போலக் குனிந்து பார்த்தார். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் இறக்கிக் கொடுப்பது அவர் தொழில். தொழிலில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணாடி பதித்த பீரோவைக்கூடக் கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவருடைய வெப்சைட்தான் வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

"உங்க போட்டோ 'எங்களைப் பற்றி'ங்கற பக்கத்துல இருக்கு சார்," என்றாள் வெப்சைட் செய்து தருகிற பெண். "பழைய சைட்ல முதல் பக்கம் பூரா நீங்கதான் கைகூப்பிக்கிட்டு நின்னீங்க. குறுக்கால லாரி ஒண்ணு ஓடுச்சு. பாட்டு வேற. புக் பண்ற இடம் எங்கன்னு தேடிப் பார்த்துட்டுப் பாதிப் பேர் ஓடியே போயிட்டாங்க."

"பாட்டு நல்ல பாட்டும்மா!"

"ஆபீஸ்ல உக்காந்து திருட்டுத்தனமா திறந்து பார்க்கறவங்க கதியை யோசிச்சீங்களா சார்?"

முதலாளி அதை யோசிக்கவில்லை. அடுத்த தெருவில் புதிதாக முளைத்த கம்பெனியைத்தான் யோசித்தார். அவனிடம் இருப்பது ஓட்டை லாரிகள். ஆனாலும் ஆர்டரெல்லாம் அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்தப் புது சைட்டும் சொதப்பினால் டிரைவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"இது சுலபமா இருக்குன்னு எப்படி நம்பறது? நீ செஞ்சது உனக்குச் சுலபமாத்தான் இருக்கும்."

"அதுக்குத்தான் சார், இதை முன்னப்பின்ன பார்க்காத ஒருத்தர் உக்காந்து புக் பண்ணிப் பார்க்கணும். நாம பக்கத்துல இருந்து வாயே திறக்கக் கூடாது."

முதலாளியின் முகம் மலர்ந்தது. உள்ளறையில் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவியைக் குரல் கொடுத்து வரவழைத்தார்.

"இவ முடிச்சுட்டான்னா ஊரே முடிச்சுடும்மா. டிவி ரிமோட்டையே தலைகீழாப் பிடிக்கறவ!"

மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்க்கிற வழக்கத்தை முதலாளி எப்போதோ விட்டுவிட்டிருந்தார்.

"நிஜமாவே வீடு மாறப் போறதா நினைச்சுக்கோங்கக்கா," என்றாள் அந்தப் பெண். "மனசுல வர்றதைப் போடுங்க."

முதல் பக்கத்தில் பெரிய பச்சைப் பட்டன் ஒன்றுதான் பளிச்சென்று இருந்தது. மனைவி அதைத் தொட்டாள். எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்டது. தன் வீட்டு முகவரியைத் தட்டினாள்.

"அட, நம்ம வீடு!" என்று முதலாளி ஆரம்பிக்க, அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அது அவருக்கு லேசான காரியமில்லை.

எங்கே போக வேண்டும் என்று கேட்டது. மனைவி தெருப் பெயர், கதவு எண், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று மளமளவென்று தட்டிக்கொண்டே போனாள். அடுத்த பக்கத்தில் சாமான்கள் படம் படமாக இருந்தன. ஒரு கட்டில், ஒரு மேசை, தையல் மிஷின், புத்தகப் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எழுத்தைப் பெரிதாக்கிப் படங்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டிருந்ததால் விரல் எங்குமே தவறிப் படவில்லை.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "சோபா, ஃப்ரிட்ஜுன்னு பெருசு பெருசா போடேன். அப்பத்தானே லாரிக்கு வேலை!"

"இது போதும்," என்றாள் மனைவி. சனிக்கிழமை காலை என்று தேதியையும் தன் போன் நம்பரையும் குறித்துவிட்டுக் கடைசிப் பட்டனையும் அழுத்தினாள். அவளுடைய போனில் ஒரு மணி அடித்தது. புக்கிங் உறுதி என்று வந்த செய்தியைப் படித்துப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்த 'ரத்து' பட்டனை மட்டும் எங்கயாவது மூலையில ஒளிச்சு வையேன்," என்றார் முதலாளி.

"கூடாது சார். வேண்டாம்னா விலகிக்கலாம்னு தெரிஞ்சாத்தான் தைரியமா புக் பண்ணுவாங்க." அந்தப் பெண் அவர் மனைவியிடம் திரும்பினாள். "அதையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கக்கா."

"எனக்கு அது வேண்டாம்மா."

"பார்த்தியா, அவளே சொல்லிட்டா!" முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "எங்கயாவது முழிச்சியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அடுத்து என்ன செய்யணும்னு அதுவே சொல்லிக் குடுத்துச்சு. யாரையும் கேட்க வேண்டியே வரல."

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி எவன் எத்தனை கம்பெனி தொடங்கினால் என்ன? டிரைவர்களில் ஒருவரையும் அனுப்ப வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் மனைவியின் தோளைக்கூட ஒரு முறை தட்டிக்கொடுத்தார்.

"இன்னைக்கே ஊருக்குத் திறந்து விட்டுடும்மா. முதல் புக்கிங் எந்த மகராசன்கிட்ட இருந்து வரப்போகுதோ!"

"சரி சார். அக்கா போட்ட இந்தச் சோதனைப் பதிவை மட்டும் அழிச்சிடறேன்."

அவள் கையை மனைவி மெல்லப் பிடித்து நிறுத்தினாள்.

"அழிக்காதம்மா," என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "அந்த வீட்டுச் சாவி போன வாரமே என் கைக்கு வந்துடுச்சுங்க. சனிக்கிழமை லாரியை மட்டும் சொன்ன நேரத்துக்கு அனுப்பிடுங்க."