பதினோரு சொந்தக்காரர்கள்

"ஏம்மா, உங்க ஒரே வீட்டுல மட்டும் பதினோரு பேருக்கு கேன்சரா?"

வந்தவள் இப்படிக் கேட்டதும் கோவிந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நொச்சிக்குப்பத்தில் பாதி ஆயுசு மீன் விற்றவள் அதை முகத்தில் காட்டிக்கொள்வாளா?

"ஆமா, கீது. அதுக்கு இன்னா இப்போ? அல்லாரும் என் சொந்தக்காரங்கோதான்."

வந்தவள் பெயர் மாளவிகா. எந்த ஊரில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்று கணக்கெடுத்து, ஊரோடு ஊரை ஒப்பிட்டுப் பார்க்கும் அலுவலகத்துக்காரி. கோவிந்தம்மா போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைத் தாண்டிப் போய், பின்கதவோரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமா, சேர் போட்டுக்கீறேன், அங்க போய் குந்திக்கினே?"

"இங்கதானே கடல் காத்து வரும்."

விவரமான பெண்தான், ஜாக்கிரதையாகப் பேச வேண்டும் என்று கோவிந்தம்மா நினைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டு டில்லிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உண்மைய சொல்லிடு. ராஜா அண்ணாமலைபுரத்தவிட நம்ம குப்பத்துல அஞ்சு மடங்கு கேன்சர்னு பேப்பர்ல போட்டுட்டானுங்கோ. தண்ணி சரியில்ல, மீனு சரியில்லன்னு ஆளாளுக்குப் பேசுறானுங்கோ. கார்ல வர்ற கஸ்டமரு கண்ணாடியக்கூட எறக்காம போய்க்கினே கீறாங்கோ. வஞ்சிரம் ஐஸ்லயே கெடக்குது!"

"நீ சும்மா இரு நைனா!"

மாளவிகா சிரித்தாள். "சரிம்மா, சொந்தக்காரங்கன்னே வெச்சுக்கலாம். அவங்க பேரைச் சொல்லுங்க."

கோவிந்தம்மா வசமாக மாட்டிக்கொண்டாள். திருதிருவென்று விழித்தாள். பிறகு பழையது புதியது என்று பார்க்காமல் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள்.

"கண்ணாடிக்காரரு... அப்பால இருமலு... லொடலொடா... சிடுமூஞ்சி... வெத்தலப்பொட்டி..."

"இதெல்லாம் ஒரு பேரா அக்கா?" டில்லிபாபு தலையில் அடித்துக்கொண்டான். மாளவிகா சட்டென்று குனிந்து தன் பைக்குள் எதையோ தேடினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று கோவிந்தம்மாவுக்குத் தோன்றியது. அதற்கு மேல் அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"சொந்தமும் இல்ல, ஒண்ணும் இல்லமா. தெக்கால கடக்கரை ஊர்க்காரங்கோ. மீன் லாரில ஏறி வைத்தியத்துக்கு வந்து, என் வீட்டுலதான் தங்கி சாப்டுவாங்கோ. மெட்ராஸ் அட்ரஸ் இருந்தா சீக்கிரமா பாப்பாங்கோன்னு நான்தான் என் அட்ரஸக் குடுக்கச் சொன்னேன். அவங்க பேரு கேக்க மாட்டேன், நானே ஒரு பட்டப்பேரு வெச்சிடுவேன். பேரு தெரிஞ்சா மனசு ஒட்டிக்கும்மா. ஊருக்குப் போனப்புறம் இன்னா ஆனாங்கோன்னும் விசாரிக்க மாட்டேன். கேட்டா இன்னா பதில் வருமோன்னு பயம்."

சொல்லிவிட்டு மாளவிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னுது. அவங்க வைத்தியத்த மட்டும் நிறுத்திடாத கண்ணு."

"எந்த ஊர் அட்ரஸ் குடுத்தாலும் வைத்தியம் நிக்காதும்மா. பயப்படாதீங்க" என்றாள் மாளவிகா. "ஆனா வேற ஒண்ணு நடக்குது. பதினோரு பேரும் உங்க குப்பத்துக் கணக்குல வந்துட்டாங்க. அதனால அவங்க ஊர்ல ஒருத்தருக்குக்கூட நோய் இல்லன்னு காட்டுது. நோயே இல்லாத ஊருக்கு யாரு பரிசோதனை வண்டி அனுப்புவாங்க? அங்க இன்னும் எத்தனை பேர் தெரியாமலே இருக்காங்களோ!"

கோவிந்தம்மாவுக்குப் பகீரென்றது. வந்தவர்களுக்குச் சோறு போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் ஊரையே ஒளித்து வைத்திருந்தோமா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனவங்கோ சாயங்காலம் வந்துடுவாங்கோ. பேரு, ஊரு அல்லாம் நானே கேட்டுச் சொல்றேன். அந்த வண்டி அவங்க ஊருக்குப் போவணும், ஆமா."

"போகும்மா. பேப்பர்ல திருத்தம் போடவும் சொல்லிடுறோம்."

"அதச் சொல்லு மொதல்ல!" டில்லிபாபு வஞ்சிரத்தைப் பார்க்க ஓட்டமாய் ஓடினான்.

மாளவிகாவும் எழப் போனாள். கோவிந்தம்மா விடவில்லை. "சாப்புடற நேரத்துல வெறும் வயித்தோட அனுப்புவேனா? குந்து."

அடுப்பில் இரண்டு சட்டிகள் மூடியிருந்தன. தட்டில் சோற்றைப் போட்டு, பெரிய சட்டியைத் திறந்து, சிவக்கச் சிவக்க இருந்த மீன் குழம்பைக் கரண்டியில் எடுத்தாள். மாளவிகா தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"இது வேணாம். சின்னச் சட்டியில காரம் போடாத குழம்பு இருக்குமே, அதை ஊத்துங்க."

கோவிந்தம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். மருந்து ஏற்றி வாயெல்லாம் வெந்துபோய் வருகிறவர்களுக்காக அவள் தனியாக வைக்கும் குழம்பு அது. அந்தச் சின்னச் சட்டியின் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை.

"அதுல காரம் இல்லன்னு உனக்கு எப்டிமா தெரியும்?"

மாளவிகா நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் குளமாகியிருந்தன.

"ஒன்பது வயசுல மருந்து ஏத்திக்கிட்டு வந்து, இதே கதவோரம் உக்காந்து, இதெல்லாம் ஒரு குழம்பான்னு தட்டைத் தள்ளிவிட்டு உங்ககிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கேன்! போனவங்களை நீங்கதான் விசாரிக்கவே மாட்டீங்களே, அதான் நானே சொல்லிட்டுப் போக வந்தேன்... உங்க சிடுமூஞ்சி நல்லா இருக்கா அத்தே."