நீலச் சுவர்

யாராவது பொய் சொன்னால் வீட்டுச் சுவர் நீலமாகும். அதை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை.

பூங்கோதையைப் பெண் பார்க்க வந்த மாலையில், கூடமே கடலுக்கடியில் இருப்பதுபோல் நீலத்தில் மிதந்தது.

"எங்களுக்கு எதுவும் வேண்டாங்க, பொண்ணு போதும்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பொண்ணுக்கு நோய்நொடின்னு எதுவும் கிடையாதுங்க," என்றார் பூங்கோதையின் அப்பா.

மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் பேசாமல் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. அதனாலேயே சொன்னாள்:

"எனக்கு வலிப்பு வரும். தினமும் மாத்திரை சாப்பிடுறேன்."

நீலம் வடிந்து, சுவர் வெறும் வெள்ளையாக நின்றது. பஜ்ஜியைத் தொடாமலே எழுந்தார்கள். மாப்பிள்ளையும் தலைகுனிந்தபடி அம்மா பின்னால் போனான்.

"வருத்தமாம்மா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

சுவர் மெல்ல நீலமாகத் தொடங்கியது. அப்பா முதல்முறையாக அதை நிமிர்ந்து பார்த்தார்.