வக்கீல் வீட்டு அல்சேஷன்

"வாப்பா, வா. வாசல்லயே நிக்காத. செருப்பெல்லாம் கழத்த வேணாம், அப்படியே உள்ள வா."

வேறு யாரையாவது கூப்பிடுகிறாரோ என்று சிவனாண்டி பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். கோச்சடை வக்கீல் சந்தானம் எதிர்வீட்டுக்காரரிடமே பேசமாட்டார், கட்சிக்காரனை வாசற்படியோடு பேசித் திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் சமயநல்லூரில் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊர்வாய்க்கு என்ன, எதையும் சொல்லும்.

கூடத்தில், சாய்வு நாற்காலியில், அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேலுக்கு ஒரு துண்டு. கறுப்புக் கோட்டைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை வக்கீலும் மனுஷன்தானே. மடியில் ஒரு வெள்ளிச் செம்பு. காலடியில் கன்றுக்குட்டி கணக்காக ஒரு அல்சேஷன் நாய், அவர் முகத்தையே பார்த்தபடி. கப்பலேறி ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் வக்கீலுக்கு விட்டுப்போன நாய். புது ஆள் உள்ளே வந்ததற்கு அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீமை நாய், சமயநல்லூர்க்காரனெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியுமா?

"கும்புடுறேன் ஐயா. பேரு சிவனாண்டி. ஒரு வழக்கு விசயமா…"

"சொல்லு. மெதுவாப் பேசு. கையை ஆட்டாமப் பேசு."

"எங்க வீட்டு நாயி ரெவின்யூ இன்ஸ்பெட்டரைக் கடிச்சிருச்சுங்க. செவ்வாக்கிழமைக்குள்ள அதைச் சுட்டுப் போடணும்னு கிராம முன்சீப் சொல்லிட்டாரு. பிள்ளை இல்லாத வீடுங்க. நானும் எம் பொஞ்சாதி செல்லத்தாயும் அதைத்தான் பிள்ளையா வச்சிருக்கோம். அவ ரெண்டு நாளாச் சோறு திங்கலை."

"நாய் என்ன சாதி?"

"கோம்பைங்க. செவலை நெறம். பேரும் செவலைதான்."

"அப்பக் கடிக்கத்தான் செய்யும். கோம்பைக்குக் கோவம் மூக்கு நுனியில. ராஜபாளையம் வேற மாதிரி. அதுக்கு எசமான் ஒருத்தன் போதும், அடுத்தவன் கறியே போட்டாலும் மோந்து பாக்காது. சிப்பிப்பாறை முயலைக் கண்டாலும் ஓடும், திருடனைக் கண்டாலும் ஓடும். என்ன, திருடனைக் கண்டா எதிர்த்திசையில ஓடும். எத்தனை வீட்டு நாயைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சிவனாண்டி வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். சட்டம் படித்தவர், நாயையும் இம்புட்டுப் படித்திருக்கிறாரே.

"இது எப்படிங்கய்யா?"

அவர் காலடியைப் பார்த்தார். குரல் தானாகத் தணிந்தது. "இது ஒண்ணுதான் எனக்குப் புது இனம். குரைக்காது. கடிக்காது. எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். ரொம்ப நல்ல கொணம்னு நெனச்சிட்டேன்."

"பேரு என்னங்க?"

கொஞ்சம் யோசித்தார். "பேரா? கூப்பிட்டா இன்னும் கிட்ட வந்துரும்னு நான் கூப்பிடுறதே இல்லை."

பெரிய இடங்களில் நாயைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள் போலிருக்கிறது.

"வழக்கை எடுத்துக்குவீங்களாய்யா?"

"எடுத்துக்கிட்டேன். அந்த இன்ஸ்பெட்டரையே உன் நாய்கிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கிறேன், போதுமா? ஆனா உனக்கு நாய்ப் பழக்கம் எம்புட்டுன்னு கோர்ட்ல கேப்பாங்க. அதை நான் என் கண்ணால பாத்துக்கணும். இதை நைசாப் பிடிச்சு அந்தத் தூண்ல கட்டு பாப்போம்."

சிவனாண்டிக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். நாயின் கண்ணைப் பார்க்காமல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். வழிக்குக் கட்டிவந்த சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து, உப்புக்கண்டத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். துரை வீட்டில் கறி தின்று வளர்ந்த பிராணி. வக்கீல் வீட்டுக்கு வந்த ஒரு வருஷமாக மூன்று வேளையும் தயிர்ச்சோறு. ஒரு தரம் உறுமியது. ஒரு தரம் மோந்தது. பிறகு அந்தச் சீமைப் பரம்பரை மொத்தமும் வாலை ஆட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே தூணுக்குப் போனது. அதன் கழுத்தில் தொங்கிய சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

நாற்காலியில் இருந்தவர் விட்ட பெருமூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. நொண்டிக்கொண்டே வந்து சிவனாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"உன்னைச் சாகுற மட்டும் மறக்கமாட்டேன்பா. இங்கயே இரு. கொல்லைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

செம்போடு போனார். பெரிய மனிதர்கள் கொல்லைக்குப் போவதும் வெள்ளிச் செம்பில்தான் என்று செல்லத்தாயிடம் மறக்காமல் சொல்லவேண்டும். ஒரு நாயைக் கட்டிப்போட்டதற்கே கண் கலங்குகிற மனுஷன், செவலையைச் சாக விடுவாரா? அந்த நினைப்பிலேயே சிவனாண்டிக்கு வயிறு நிறைந்துவிட்டது. மிச்சமிருந்த உப்புக்கண்டத்தையும் அல்சேஷனுக்கே போட்டான்.

கொல்லைக்குப் போனவர் வரவில்லை. வாசல் பக்கம்தான் காலடிச் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். அவர் பின்னால் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர். வந்தவர் காலி நாற்காலியைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். சப்புக்கொட்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார். கடைசியாகச் சிவனாண்டியைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாம என் நாய் மடக்கி வச்சிருந்த திருடனை," என்றார் வக்கீல் சந்தானம், "எவன்யா அவுத்து விட்டது?"